அரை நொடி முன்னால் நிற்பவர்கள்

டென்மார்க்கின் ஜட்லாந்து தீபகற்பத்தில் எஃப்.சி. மிட்யூலன் என்றொரு கால்பந்து கிளப் இருக்கிறது. 2004இல் அந்தக் கிளப், பையன்கள் அங்கேயே தங்கிப் படித்துக்கொண்டு ஆடப் பழகும் பயிற்சிப்பள்ளி ஒன்றைத் தொடங்கியது. சேர்க்கை முடியும் நேரத்தில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. கிளப்பில் வேலை பார்த்த ஒருவர் தன் 15 வயது மகனைச் சேர்த்துக்கொள்ளலாமே என்றார். பையன் சுமாராகத்தான் ஆடுவான் என்று தெரிந்தும், வேறு ஆள் அமையாததால் எடுத்துக்கொண்டார்கள். சில மாதங்கள் போன பிறகு, அங்கே பயிற்சியாளராக இருந்த ராஸ்முஸ் ஆங்கர்சன் சக பயிற்சியாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: இந்தப் பையன்களில் எந்த ஐந்து பேர் பெரிய ஆட்டக்காரர்களாக வருவார்கள்? எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள். கடைசியாகச் சேர்ந்த அந்தப் பையனின் பெயரை ஒருவர்கூட எழுதவில்லை.

பையனின் பெயர் சிமோன் கியேர். நான்கு ஆண்டுகளில் அவனை இத்தாலியின் பலேர்மோ கிளப் வாங்கியது. அதன்பின் ஜெர்மனி, பிரான்ஸ், துருக்கி, ஸ்பெயின் என்று சுற்றி, ஏசி மிலன் அணியோடு 2022இல் இத்தாலிய லீக் பட்டம் வென்றார் கியேர். டென்மார்க்குக்காக 132 ஆட்டங்கள் ஆடினார். பல ஆண்டுகள் கேப்டனாக இருந்தார். 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றார். ஆடிய இடம் நடுப் பின்களம். நம் மைதானங்களில் ‘ஸ்டாப்பர்’ என்று சொல்கிறோமே, அந்த இடம்.

கால்பந்தே தொழிலாகக் கொண்ட அத்தனை பேரும் எப்படி அவரைத் தவறவிட்டார்கள்? ஃபார்வர்டு ஆடுபவரின் திறமை கண்ணுக்கு நேரே தெரியும். நான்கு பேரைத் தாண்டிப் போனான், கோல் அடித்தான் என்று எண்ணிச் சொல்லலாம். ஸ்டாப்பரின் திறமையோ நடக்காமல் போன விஷயங்களில் இருக்கிறது. வராத பாஸ், அடிக்கப்படாத ஷாட், ஓடத் தேவைப்படாத ஓட்டம். இவற்றைக் கணக்கெடுக்க யாரும் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்வதில்லை. மனித உடலையும் மூளையையும் ஆராய்பவர்கள் கடந்த நாற்பது ஆண்டுகளில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத திறமையை அளக்கத் தொடங்கினார்கள். அவர்கள் கண்டதைச் சுருக்கினால், நல்ல டிஃபென்டர் என்பவர் தன் அணிக்கு நேரம் சம்பாதித்துத் தருபவர்.

டென்மார்க் என்றதும் தமிழ் வாசகருக்குத் தரங்கம்பாடிக் கோட்டை நினைவுக்கு வரலாம். 1620இல் வந்து 1845 வரை டேனியர் அங்கே இருந்தார்கள். டென்மார்க் சிறிய நாடு. மக்கள்தொகை ஏறத்தாழ 60 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் மட்டுமே 25 லட்சத்துக்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். அவ்வளவு சிறிய நாடு 1992இல் ஐரோப்பியக் கோப்பையையே வென்றிருக்கிறது. மிட்யூலன் போலவே மாணவர்கள் தங்கிப் பயிலும் கால்பந்துப் பள்ளி ஒன்று இன்று மாமல்லபுரத்திலும் இருக்கிறது: ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதம் தொடங்கிய எஃப்.சி. மெட்ராஸ். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஆடும் பையன்களுக்கோ கணக்கே இல்லை. அவர்களில் ஒரு ஸ்டாப்பர் இருந்தால் அவனை நாம் அடையாளம் காண்போமா என்ற கேள்விதான் என்னை இதை எழுத வைக்கிறது.

கண்ணுக்கும் காலுக்கும் இடையே

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒளி கண்ணில் பட்டு, மூளை அதைப் புரிந்துகொண்டு, தசை அசையத் தொடங்க ஏறக்குறைய 0.2 நொடி ஆகிறது. விளக்கு எரிந்ததும் பொத்தானை அழுத்துவது போன்ற எளிய செயலுக்கே இவ்வளவு நேரம். இடமா வலமா, முன்னேறுவதா பின்வாங்குவதா என்று பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் 0.3 நொடியைத் தாண்டிவிடும். எதிரணி ஃபார்வர்டு நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடிவந்தால், அந்த 0.3 நொடியில் 2.4 மீட்டர் கடந்திருப்பார். நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் உதைக்கப்பட்ட பந்து 7.5 மீட்டர் போயிருக்கும்.

ஆக, நடந்ததைப் பார்த்துவிட்டு அசைகிற டிஃபென்டர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார். எவ்வளவு வேகமாக ஓடினாலும் நரம்பு எடுத்துக்கொள்ளும் இந்த நேரத்தைப் பெரிதாகக் குறைக்க முடியாது. உலகத்தரமான ஆட்டக்காரருக்கும் நம் தெருவில் ஆடுபவருக்கும் எளிய அனிச்சை வேகத்தில் உள்ள வித்தியாசம் மிகச் சிறியது. அப்படியானால் கியேர் போன்றவர்கள் எப்படி முன்கூட்டியே அங்கே நிற்கிறார்கள்?

இதற்கு விடை தேட ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனையை அமைத்தார்கள். ஆட்டத்தின் காணொளியைப் போட்டு, பாஸ் கொடுப்பவரின் கால் பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்பே திரையை இருட்டாக்கிவிடுவார்கள். பந்து எங்கே போகும் என்று பார்ப்பவர் சொல்ல வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் குத்துமதிப்பாகவே சொல்கிறார்கள். தேர்ந்தவர்களோ அதைவிட எவ்வளவோ அதிகமாகச் சரியாகச் சொல்கிறார்கள். பந்து கிளம்புவதற்கு முன்பே அது போகுமிடம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நரம்பில் இழந்த 0.3 நொடியை அவர்கள் ஊகத்தில் திரும்பப் பெறுகிறார்கள்.

மாமல்லபுரம் பார்த்த இன்னொரு ஆட்டம்

2022ஆம் ஆண்டு மாமல்லபுரம் பூஞ்சேரியில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் வந்தன. அப்போது 16 வயதான குகேஷ் தொடர்ந்து எட்டு ஆட்டங்களை வென்று எல்லோரையும் திகைக்க வைத்தார். இரண்டே ஆண்டுகளில் உலக சாம்பியனும் ஆனார். கால்பந்து ஸ்டாப்பரின் மூளையைப் புரிந்துகொள்ள அந்தச் செஸ் பலகையே நல்ல வழி.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் 1973இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார்கள். நெதர்லாந்து உளவியலாளர் ஆட்ரியான் டி கிரூட் அதற்கு முன்பே போட்டிருந்த பாதை அது. உண்மையான ஆட்டம் ஒன்றின் நடுக்கட்டத்தில் உள்ள காய்களை 5 நொடி மட்டும் காட்டிவிட்டு மறைத்துவிடுவார்கள். இன்னொரு பலகையில் அதே போல அடுக்க வேண்டும். இருபதுக்கு மேற்பட்ட காய்களில் பெரும்பாலானவற்றைத் தேர்ந்த ஆட்டக்காரர் சரியான கட்டத்தில் வைத்தார். கற்றுக்குட்டியால் நான்கு காய்களைத்தான் வைக்க முடிந்தது. அடுத்து, அதே காய்களை ஒழுங்கில்லாமல் இறைத்து வைத்துக் காட்டினார்கள். இம்முறை தேர்ந்தவரும் கற்றுக்குட்டியும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்துவிட்டார்கள்.

தேர்ந்தவருக்கு இருந்தது புகைப்பட நினைவாற்றல் என்றால் இறைந்து கிடந்த காய்களும் நினைவில் நின்றிருக்க வேண்டும். அவர் காய்களைத் தனித்தனியாகப் பார்க்கவில்லை, உறவுகளைப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை ‘ம’, ‘ர’, ‘ம்’ என்று மூன்றைப் பார்க்கும் இடத்தில், படிக்கத் தெரிந்தவர் ஒரே பார்வையில் மரத்தைப் பார்க்கிறார் அல்லவா, அதேதான்.

இங்கிலாந்து விளையாட்டு அறிவியலாளர் மார்க் வில்லியம்ஸும் அவருடைய சகாக்களும் 1990களில் இதே கேள்வியைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தார்கள். அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் ஒழுங்கான ஆட்டக் காட்சிகளில் யார் எங்கே நின்றார்கள் என்பதைத் துல்லியமாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆட்டமே இல்லாமல் ஆட்கள் சும்மா நடமாடும் காட்சிகளில் அந்த மேன்மை காணாமல் போனது. கண் எங்கே போகிறது என்று கருவி வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பதினொரு பேர் ஆடும் காட்சியில் அனுபவம் குறைந்தவர்களின் பார்வை பந்தையும் பந்து வைத்திருப்பவரையுமே சுற்றிக்கொண்டிருந்தது. தேர்ந்தவர்களின் பார்வை அடிக்கடி பந்தை விட்டுவிட்டு, பந்து இல்லாத இடத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களைத் தேடியது.

இது எளிதாகக் கைகூடாது. நம் விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் எவ்வளவு அகலமோ ஏறக்குறைய அவ்வளவுதான். மற்றதெல்லாம் மங்கலாகத்தான் விழுகிறது. 105 மீட்டர் நீளமுள்ள மைதானத்தில் அந்தச் சிறு வட்டத்தை எந்த நொடியில் எங்கே வைப்பது என்பதே பெரிய முடிவு. நார்வே ஆய்வாளர் கெய்ர் ஜோர்டெட், பந்து வருவதற்கு முன் ஆட்டக்காரர்கள் எத்தனை முறை தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் எண்ணியிருக்கிறார். அதிகமாகச் சுற்றிப் பார்ப்பவர்களின் முன்னோக்கிய பாஸ்கள் அதிகமாகச் சக ஆட்டக்காரரைச் சேர்கின்றன என்று அவர் காட்டினார். தலையைத் திருப்பிப் பார்ப்பதற்குத் தனித்திறமை வேண்டாம், பழக்கம் போதும். கோவளத்து மணலில் ஆடும் பையனுக்கும் அதைக் கற்றுக்கொடுக்கலாம்.

இடுப்பு ஏமாற்றாது

ஃபார்வர்டு நேருக்கு நேர் பந்தோடு வருகிறார். தோளை இடப்பக்கம் சாய்க்கிறார், காலைப் பந்துக்கு மேலே சுழற்றுகிறார், கண்ணால் ஒரு பக்கம் காட்டுகிறார், கடைசியில் வலப்பக்கம் பாய்கிறார். இத்தனை நடிப்பில் எதை நம்புவது?

வில்லியம்ஸும் கீத் டேவிட்ஸும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த டிஃபென்டர்கள் இத்தகைய நேரடி மோதலில் எதிராளியின் இடுப்புப் பகுதியை அதிக நேரம் பார்த்தது தெரிந்தது. இதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. நம் உடலின் எடை மையம் நிற்கும்போது ஏறக்குறைய இடுப்பெலும்பின் உயரத்தில் அமைகிறது. கையும் காலும் தலையும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் பாசாங்கு செய்யலாம். எடை மையத்தை ஒரு பக்கம் நகர்த்த வேண்டுமென்றால், எதிர்ப்பக்கக் காலால் தரையை உதைத்தே ஆக வேண்டும். நியூட்டனின் விதியை எந்த நட்சத்திர ஆட்டக்காரராலும் ஏமாற்ற முடியாது. உடல் உண்மையில் எந்தப் பக்கம் போகப்போகிறது என்பதை இடுப்பு முதலில் சொல்லிவிடுகிறது.

நல்ல ஸ்டாப்பர் உடனே காலை நீட்டிப் பந்தைப் பறிக்கப் பாய மாட்டார். சற்றுப் பக்கவாட்டாகத் திரும்பி, முட்டியை மடித்து, எதிராளியின் வேகத்துக்கேற்பப் பின்னால் நகர்ந்துகொண்டே இருப்பார். பார்ப்பவருக்கு அவர் பயந்து பின்வாங்குவது போலத் தோன்றும். நடப்பதோ வேறு. அவர் பின்வாங்கும் ஒவ்வொரு நொடியிலும் அவருடைய அணியின் மூன்று நான்கு பேர் ஏழெட்டு மீட்டர் ஓடி வந்து சேர்ந்துவிடுகிறார்கள்.

37 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு

கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர். பெனால்டி புள்ளி 11 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே நிற்பவரின் கண்ணிலிருந்து இரண்டு கம்பங்களுக்கும் கோடு போட்டால் நடுவில் அமையும் கோணம் ஏறக்குறைய 37 டிகிரி. அதே ஆட்டக்காரரைப் பெனால்டி பரப்பின் மூலைக்குத் தள்ளிவிட்டால் அந்தக் கோணம் 10 டிகிரி சொச்சமாகச் சுருங்கிவிடும். கோல் அதே கோல்தான். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரியும் வாசல் கால்பங்கு ஆகிவிட்டது. போதாததற்கு கோலியும் நடுவில் நிற்கிறார்.

பந்தையே தொடாமல், எதிராளி போகக்கூடிய பாதையை மட்டும் மாற்றி, கோலின் அளவைச் சுருக்குவது இந்த வேலையின் மிக அழகான பகுதி. பத்தாம் வகுப்பு முக்கோணவியல் படித்த எந்த மாணவரும் நோட்டில் போட்டுப் பார்க்கலாம். ‘ஓரத்துக்குத் தள்ளுடா’ என்று பயிற்சியாளர் கத்துவதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

ஆஃப்சைடு விதி இந்த வடிவியலை ஒரு ஆளிலிருந்து நான்கு ஆட்களுக்கு விரிக்கிறது. பாஸ் கொடுக்கப்படும் கணத்தில், எதிரணிப் பாதியில் பந்துக்கும் முன்னே நிற்கும் ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு எதிரணியினர் இருக்க வேண்டும். 1925 வரை மூன்று பேர் தேவைப்பட்டது. ஒருவரைக் குறைத்ததும் இங்கிலாந்து லீகில் கோல்கள் தாறுமாறாகக் கூடின. அதைச் சமாளிக்க நடு ஆட்டக்காரர் ஒருவரைப் பின்னுக்கு இழுத்தார்கள். ஸ்டாப்பர் என்ற இடம் அப்படித்தான் உறுதிப்பட்டது. பின்வரிசை நால்வரும் ஒரே கோட்டில் சரியான கணத்தில் இரண்டடி முன்னேறினால், ஃபார்வர்டு நின்ற இடத்திலேயே ஆஃப்சைடு ஆகிவிடுவார். 2022 கத்தார் உலகக் கோப்பையில் இதைத் தீர்மானிக்கக் கூரையில் 12 கேமராக்கள் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு ஆட்டக்காரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை அவை பதிவு செய்தன. பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. கருவிகளுக்கு இவ்வளவு தேவைப்படும் ஒரு கணிப்பை, நான்கு பேர் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே செய்து முடிக்கிறார்கள்.

தலையால் ஆடுபவர்கள்

2018 மார்ச் 17. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் ஐ.எஸ்.எல். இறுதியாட்டம். சென்னையின் எஃப்.சி.க்கு எதிராக ஒன்பதாவது நிமிடமே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி கோல் அடித்துவிட்டார். அதன்பின் கார்னரிலிருந்து வந்த பந்தைச் சென்னை அணியின் மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிக் கோலாக்கினார். முதல் பாதி முடியும் நேரத்தில் மீண்டும் அதையே செய்தார். இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோவும் ஒரு கோல் அடிக்க, சென்னை 3–2 என வென்று இரண்டாவது முறையாகப் பட்டம் பெற்றது. மைல்சன் ஒரு ஸ்டாப்பர். உயரத்தில் வரும் பந்து எங்கே இறங்கும் என்று தன் கோல் முன்னே ஆண்டுக்கணக்கில் கணித்துப் பழகியவருக்கு, அதே கணக்கு எதிரணியின் கோல் முன்னேயும் உதவியது.

ஹெட்டருக்கு எழும்பும் நல்ல ஆட்டக்காரர் காற்றில் ஒரு கணம் நின்றுவிடுவது போலத் தோன்றும். அது வெறும் பிரமை என்று தள்ளிவிட முடியாது. 60 சென்டிமீட்டர் உயரம் எழும்பினால் மொத்தம் 0.7 நொடி காற்றில் இருப்போம். அதில் பாதி நேரம், அதாவது 0.35 நொடி, மேல் 15 சென்டிமீட்டருக்குள்ளேயே கழிகிறது. உச்சியை நெருங்கும்போது வேகம் குறைவதால் வரும் விளைவு இது. யார் எவ்வளவு எழும்பினாலும் மேல் கால்பங்கு உயரத்தில் பாதி நேரம் கழியும்.

இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லி ஸ்டூவர்ட் தலைமையிலான குழு, 7,676 முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டது. இதயநோய், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றால் இறந்தவர்கள் பொதுமக்களைவிட அவர்களிடையே குறைவு. ஆனால் மறதிநோய் போன்ற மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. 2021இல் அதே குழு இடவாரியாகப் பிரித்துப் பார்த்தது. தலையால் பந்தை ஆடவே தேவையில்லாத கோலிகளுக்குப் பொதுமக்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. டிஃபென்டர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்கு.

சிறுவர்களுக்குக் கழுத்துத் தசை இன்னும் வலுப்பெற்றிருக்காது. கழுத்து இறுகி இருந்தால் தலையும் உடலும் சேர்ந்து பந்தின் மோதலைத் தாங்கும். தளர்ந்திருந்தால் ஐந்து கிலோவுக்கும் குறைவான தலை மட்டும் தனியாக அதிரும். 2020 முதல் இங்கிலாந்தில் 11 வயதுக்குட்பட்டோருக்குப் பயிற்சியில் ஹெட்டர் கற்றுக்கொடுப்பதில்லை. நம் பயிற்சியாளர்களும் இதைப் பின்பற்றுவதில் எந்தச் செலவும் இல்லை.

இந்தியக் கால்பந்தின் மிகப் பெரிய ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கின் கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தாய்லாந்துடனான ஆட்டத்தில் அவர் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்வரிசைக்கு மாற்றி ஆட வைத்தார். கட்டுப்போட்ட தலையோடு இறுதியாட்டத்தில் ஜர்னைல் கோல் அடித்தார். கோல் முன்னே மெட்ராஸ் ரெஜிமென்ட் அணியில் வளர்ந்த பீட்டர் தங்கராஜ் நின்றார். தென்கொரியாவை 2–1 என வென்று இந்தியா தங்கம் பெற்றது. அந்த வீரத்தை வணங்குவோம். இன்று யாருக்காவது தலையில் அடிபட்டால் உடனே வெளியே அழைத்து உட்கார வைப்போம். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த ஆட்டத்தின் மேல் நாம் வைத்திருக்கும் அன்பு முழுமையாகும்.

மணலும் உப்புக்காற்றும்

நம் கடற்கரையில் ஆடுபவர்களுக்கு இரண்டு தனிச் சவால்கள் உண்டு. ஒன்று மணல். கெட்டித் தரையில் ஓடுவதைவிட மணலில் ஓட ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் செலவாகிறது என்று அளந்திருக்கிறார்கள். கால் அழுத்தும்போது மணல் நழுவுவதால் தசை செய்யும் வேலையில் ஒரு பகுதி வீணாகிறது. அதனால் கணுக்காலும் கெண்டைக்காலும் வலுவடையும். ஆனால் புல்தரையில் நொடியில் திரும்பும் பழக்கத்தை மணல் மட்டும் தந்துவிடாது. மாவட்டத்தில் பள்ளி மைதானங்கள் பராமரிக்கப்பட வேண்டியதற்கு இதுவே ஒரு காரணம்.

மற்றது ஈரப்பதம். தசை எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால்பங்குதான் ஓட்டமாகிறது. மீதி வெப்பம். அதை வெளியேற்ற உடலுக்கு இருக்கும் சிறந்த வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ‘ஆவியானால்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மதியத்துக்குமேல் கடற்காற்று வந்ததும் வெயில் தணிந்தது போலத் தோன்றும். அந்தக் காற்று ஈரத்தையும் கொண்டுவருகிறது. ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்து சொட்டுகிறது. நீர் போய்விடும், வெப்பம் போகாது.

எனவே விளையாட்டு மருத்துவர்கள் வெறும் வெப்பமானியை நம்புவதில்லை. ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு 70 சதவீதமும், நேரடி வெயிலின் சூட்டுக்கு 20 சதவீதமும், காற்றின் வெப்பத்துக்கு 10 சதவீதமும் கொடுத்து ஒரே எண்ணாகக் கணக்கிடுகிறார்கள். அந்த எண் 32 டிகிரியைத் தாண்டினால் ஆட்டத்தின் நடுவே குளிர்விக்கும் இடைவேளை வேண்டும் என்பது ஃபிஃபாவின் வழிகாட்டல். களைத்த மூளை முதலில் இழப்பது கவனத்தையும் முடிவெடுக்கும் திறனையும்தான். அவற்றை நம்பியே வாழும் ஸ்டாப்பருக்கு அது பேரிழப்பு.

முட்டியின் 40 மில்லிநொடி

2021 டிசம்பர் 1 அன்று ஜெனோவா அணியுடனான ஆட்டத்தில் கியேரின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அப்போது அவருக்கு 32 வயது. இத்தகைய காயங்களின் காணொளிகளை ஆராய்ந்தவர்கள், கால் தரையைத் தொட்ட 40 மில்லிநொடி அளவிலேயே தசைநார் அறுந்துவிடுவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆபத்தை மூளை உணர்ந்து தசை அசையத் தொடங்கவே 200 மில்லிநொடி வேண்டும். அந்தக் கணத்தில் யாராலும் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. முன்கூட்டியே தசைக்குப் பழக்கிவைப்பது ஒன்றுதான் வழி. ‘ஃபிஃபா 11+’ என்ற 20 நிமிட முன்பயிற்சி இதற்காகவே வடிவமைக்கப்பட்டது. கருவி எதுவும் தேவையில்லை. நார்வேயில் சிறுமிகள் ஆடும் அணிகளில் சோதித்தபோது காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன. பெண்களுக்கு இந்தத் தசைநார்க் காயம் ஆண்களைவிட அதிகம் என்பதால், நம் மாணவிகள் அணிகளுக்கு இது இன்னும் அவசியம்.

கியேர் திரும்பி வந்தார். 2022 உலகக் கோப்பையில் டென்மார்க்கின் கேப்டனாக நின்றார். வேகம் இருபதுகளிலேயே உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். ஆட்டத்தைப் படிக்கும் மூளையோ ஒவ்வொரு ஆட்டத்திலும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறது. ஸ்டாப்பர்கள் முப்பதுகளின் நடுப்பகுதி வரை தாக்குப்பிடிப்பதன் ரகசியம் அதுதான்.

2021 ஜூன் 12

கோபன்ஹேகன் பார்க்கன் மைதானம். ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க்கும் பின்லாந்தும் ஆடிக்கொண்டிருந்தன. முதல் பாதி முடியும் தறுவாயில், த்ரோ ஒன்றை வாங்க ஓடிய கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் தொடாமலேயே சரிந்து விழுந்தார். விரைந்து ஓடிவந்தவர்களில் ஒருவர் கேப்டன் கியேர். நண்பரைப் பக்கவாட்டில் கிடத்தி, மூச்சுப்பாதை அடைபடாமல் பார்த்துக்கொண்டார். மருத்துவக் குழு வந்தபோது எரிக்சனுக்கு மூச்சும் நாடியும் இருந்தன. சற்று நேரத்தில் இரண்டும் நின்றன. குழு மார்பை அழுத்தத் தொடங்கியது. மின்னதிர்ச்சிக் கருவி ஒருமுறை இயங்கியதும் இதயம் மீண்டும் துடித்தது. கேமராக்களின் கண்ணில் படாதபடி அணியினர் சுற்றி மதிலாக நின்றார்கள். கதறியபடி வந்த எரிக்சனின் துணைவியைக் கியேர் அணைத்துத் தேற்றினார்.

இதயம் திடீரென நின்றால் மார்பழுத்தமோ மின்னதிர்ச்சியோ கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. பத்து நிமிடத்தில் கிட்டத்தட்ட எல்லாம் முடிந்துவிடும். மார்பின் நடுவே, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தினால் மூளைக்குக் கொஞ்சமேனும் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் பெரும்பாலும் நின்ற இதயத்தை ஓட வைக்காது; கருவியும் மருத்துவரும் வந்து சேரும்வரை நேரத்தை நிறுத்திப் பிடிக்கிறது. எரிக்சன் உடலுக்குள் பொருத்திய சாதனத்தோடு எட்டே மாதத்தில் மீண்டும் களமிறங்கினார். கியேருக்கும் அந்த மருத்துவக் குழுவுக்கும் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கத் தலைவரின் விருது அளிக்கப்பட்டது. ஐந்து பேர் பட்டியலில் யாரும் எழுதாத பெயர் கியேருடையது.

இந்தியாவிலும் இதே துயரம் நடந்திருக்கிறது. 2004 டிசம்பரில் பெங்களூரு ஃபெடரேஷன் கோப்பை இறுதியில் டெம்போ அணியின் பிரேசில் ஃபார்வர்டு கிறிஸ்டியானோ ஜூனியர் மோதலுக்குப் பின் விழுந்து இறந்தார். 2012 மார்ச்சில் அதே நகரில், மாவட்ட லீக் ஆட்டத்தில் வெங்கடேஷ் என்ற இளம் ஆட்டக்காரர் சரிந்து உயிரிழந்தார். இவர்களை மறந்துவிட்டு நாம் மைதானம் அமைக்கக் கூடாது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் கால்பந்து சொல்லித்தரும் எல்லோரிடமும் மூன்று வேண்டுகோள்கள். பந்தைத் தொடாமலே ஆட்டத்தை மாற்றும் பையனையும் பெண்ணையும் கவனியுங்கள். போட்டி முடிவில் கோல் அடித்தவருக்கு ஒரு கோப்பை கொடுத்தால், நல்ல ஸ்டாப்பருக்கும் ஒன்று கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஹெட்டர் பயிற்சியைத் தள்ளிப்போட்டு, 20 நிமிட முன்பயிற்சியையும் தண்ணீர் இடைவேளையையும் கட்டாயமாக்குங்கள். மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது: அணியில் உள்ள ஒவ்வொருவருக்கும் மார்பழுத்தம் கொடுக்கக் கற்றுக்கொடுங்கள். மைதானத்தில் யாராவது பேச்சுமூச்சின்றி விழுந்தால் 108க்கு அழைத்துவிட்டு உடனே அழுத்தத் தொடங்க வேண்டும். கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.